ஈயடிச்சான் காப்பி

நாட்காட்டியா, ஈ மட்டையா என்று
வங்கியில் கேட்டபோது
மட்டை என்று சொன்னவன் நான்தான்.
பதினோரு சென்ட் மலிவு.
இரண்டாயிரம் வந்து இறங்கின, மஞ்சளில்.
கவுண்டி கண்காட்சியில்
பன்றிக் கொட்டகைக்கு எதிரே மேசை போட்டு
போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் திணித்தோம்.
வலைக்கு நடுவே எழுத்துப் புடைத்திருக்கும்:
எல்லாப் பருவத்திலும் உங்களோடு.

அதில் ஒன்று
ஆர்டித்தின் சமையலறையில்
வலைக்கதவை ஒட்டிய ஆணியில் தொங்கியது.
கம்பி வளைந்து, ஒரு மூலை கிழிந்து,
ஐந்து கோடை பார்த்த மட்டை.

நெப்ராஸ்காவில் ஆகஸ்ட்.
மாடுகளை ஏலத்துக்கு ஏற்றிவிட்டு ஆறு நாளாகிறது.
ஈக்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

வெர்லின் தொப்பியைக் கழற்றி
முழங்காலில் கவிழ்த்திருந்தார்.
முகமெல்லாம் வெயில்,
நெற்றியில் மட்டும் தொப்பி காத்த வெள்ளை.
நான் பக்கங்களைப் புரட்டினேன்:
முந்நூற்று இருபது ஏக்கர்,
கிணறு, மோட்டார், தெற்கு வேலி வரை.
இங்கே முதலெழுத்து.
இங்கேயும்.
இங்கே முழுக் கையெழுத்து.

பேனாவுக்கு முந்திக்கொண்டு
ஒரு ஈ வந்து கோட்டின்மேல் உட்கார்ந்தது.
முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது,
பேரம் படிந்த தரகனைப் போல.

ஆர்டித் எழுந்ததே எனக்குத் தெரியாது.

பட்.

காப்பிக் கோப்பைகள் அதிர்ந்தன. நானும்.
"மன்னிச்சிடுங்க" என்றாள்.
எனக்கா, ஈக்கா, தெரியவில்லை.
மட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
'உங்களோடு' என்பதன் மேல்
ஒற்றை இறக்கை ஒட்டியிருந்தது.
"நல்ல மட்டை" என்றாள்,
"இதுக்குத் தப்பினது எதுவுமில்லை."
கேலியா என்று முகத்தில் தேடினேன்.
முகத்தில் வியர்வைதான் இருந்தது.

கறை பட்ட தாள் செல்லாது,
புதிதாக அச்சடித்துத்
திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்,
அதுவரை யோசியுங்கள்...
சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தேன்.
அதற்குள் வெர்லின் எழுதிக்கொண்டிருந்தார்,
ஈயைத் தொடாமல், அதைச் சுற்றி வளைத்து,
வயல் நடுவே நீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றி
டிராக்டர் ஓட்டுகிறவர் மாதிரி.

சாயங்காலம் அலுவலகத்தில்
மெர்னா மூன்று நகல் எடுத்தாள்.
மூன்றிலும் கால்கள் ஆறும் தெளிவாக விழுந்தன.
"சுரண்டிட்டு மறுபடி எடுக்கட்டுமா?"

வேண்டாம், என்றேன்.
உள்ளது உள்ளபடி இருக்கணும்,
விதி அப்படி.

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்ன?
காலை நீட்டினேன்.
மேசைக்கடியில் பெட்டி இடித்தது.
அதில் இன்னும் நானூறு இருக்கும்.