தோற்ற புத்தகங்கள்

வென்ற நாவலை நான் வாசிப்பதில்லை.
அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

வின்னிபெக் நூலகம் கழித்துவிட்ட பெட்டி,
ஒன்று ஐம்பது சதம்.
விருதின் இறுதிப் பட்டியல்வரை போய்
வெறுங்கையோடு திரும்பியவை.
அட்டையின் ஓரத்தில் அதைப் பொடி எழுத்தில்
சொல்லிக்கொள்ளும்,
நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று
வருடக்கணக்காய்ச் சொல்லும் என் மச்சானைப்போல.

இரவு வேலை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
ட்ரையர் ஒருமுறை சுழன்று முடிய
முப்பத்திரண்டு பக்கம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
மடியில் செவ்வாய்க்கிரகத்துக் கோதுமை.

இவர்களின் எதிர்காலம் எல்லாம் எனக்குப் பழசு.
1987இல் சந்திரனில் மாநகரசபைத் தேர்தல்.
1987இல் பங்கருக்குள்
அக்கா எனக்குப் பேன் பார்த்தாள்.
2004இல் பசி இல்லை, வாரம் ஒரு குளிகை.
ஆனாலும் தொலைபேசி சுவரில்தான் தொங்குகிறது,
விண்கலத்திலும் பெண்கள்தான் கோப்பி ஊற்றுகிறார்கள்.
சிரித்தால் மரிசெல் எட்டிப் பார்ப்பாள்,
"இன்றைக்கு எந்தக் கிரகம்?"

நேற்று எடுத்தது 1968.
ஐம்பத்தெட்டாம் பக்கம், கப்பலின் அடித்தளத்தில்
இயந்திரம் பார்க்கிறவன் ஒருவன்.
பெயர் செல்வா. நாடு சிலோன்.
கதை நடப்பது 2190இல்.

நான் பிறந்த நாடு
குடிவரவு அலுவலகக் கணினியின் பட்டியலில் இல்லை.
கீழே இறங்கி, மேலே ஏறித் தேடி,
வேறு பெயரைத் தட்டினாள் அந்தப் பிள்ளை.
இங்கே இருக்கிறது, விண்மீன்களுக்கு நடுவே,
இருநூறு வருடம் கழித்தும் பெயர் மாறாமல்.

அறுபதாம் பக்கத்தில் அவன் சில்வா.

அச்சுக்கோத்தவருக்கு இரண்டும் ஒன்று.
எங்களுக்கு
அந்த ஒரு எழுத்தைக் கேட்டுத்தான்
பஸ்ஸை மறித்தார்கள்.

அறுபத்தொன்றில் வால்வு வெடிக்கிறது.
அடைக்கப் போனவன் திரும்பவில்லை.
கப்டன் ஒரு வரி வருந்துகிறார்,
கப்பல் வேகமெடுக்கிறது.
செத்தது செல்வாவா சில்வாவா
என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

ட்ரையர் நின்று நேரமாகிவிட்டது.
இந்த நாவல் ஏன் வெல்லவில்லை என்று
எனக்கொரு காரணம் இருக்கிறது.
அந்த வருடம் வாக்களித்தவர்களுக்கு
வேறு ஏதாவது இருந்திருக்கும்.

விரிப்பின் மறுமுனையை மரிசெல் பிடித்தாள்.
இன்னும் நூற்றெழுபது பக்கம்.