தூக்கிய பாதம்

நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
ஒருகாலத்து ரைஸ்மில் குடோன்.
சுண்ணாம்பு அடித்தும் தவிட்டு வாசனை போகாத சுவர்.
ஆறு வாரம் இங்கே தங்க வேண்டும், அதற்குள் நடக்க வேண்டும்.
நடந்தால் என் வீடு.
இல்லையென்றால் ஓசூரில்
மகன் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறான்.

முதல் நாள் பெயர் கேட்டாள்
கூத்தாநல்லூர் நிலோபர், பயிற்சி கொடுப்பவள்.
'குஞ்சிதபாதம்.'
'அப்படின்னா?'
பக்கத்துக் கட்டில் ஞானப்பிரகாசம்,
வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டாலும், முந்திக்கொண்டார்:
'சிதம்பரத்துல சாமி தூக்கி வச்சிருக்கிற காலும்மா அது.
இவருக்குத்தான் தூக்க வரல.'

இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் நான்.
முப்பத்தொரு வருஷம்
மன்னார்குடி கும்பகோணம் வண்டியில்
ஒரு கையில் டிக்கெட் கட்டு,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்,
எதையும் பிடிக்காமல் நின்றவன்.
வலங்கைமான் வளைவில் டிரைவர் ஒடித்தால்
வண்டியே சாயும், நான் சாயமாட்டேன்.
இப்போது
ஓடாத தரை என்னைத் தள்ளுகிறது.

'ஒரு கையை மட்டும் விடுங்க ஐயா. விட்டுட்டு எண்ணுங்க.'
எனக்கா எண்ணத் தெரியாது?
ஐம்பத்தாறு சீட்டு, நிற்பவர் முப்பது,
குருப்பெயர்ச்சி அன்று கணக்கே கிடையாது.
ஏழில் முழங்கால் உதறியது.

மூன்றாம் வாரம் படி.
மரத்தில் செய்த நாலு படி. ஏறினால் ஒரு பலகை,
அதற்கப்பால் சுவர்.
ஏற நல்ல கால், இறங்க ஆணி வைத்த கால்.
எங்கும் போகாத அந்தப் படியில்
ஒரு நாளைக்கு இருபது தடவை போய் வந்தேன்.

டீ போட, குளிக்க, கக்கூஸில் உட்கார்ந்து எழ,
எல்லாவற்றுக்கும் அவள் நோட்டில் ஒரு கட்டம்.
அரை மணி நேரத்தில் ஞானப்பிரகாசம்
தானே சட்டை போட்டார், ஐந்தாவது பட்டன் தப்பு ஓட்டையில்.
திருத்த வந்த கையைத் தட்டிவிட்டு
அப்படியே போய் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

ஐந்தாம் வாரம் வெளியே.
கேட் போட்டிருந்தது. எஞ்சின் மாற்றுகிறார்கள் போல.
நெல் லாரி, ஸ்கூல் வேன், கல்யாணக் கார்,
வாக்கரோடு நான்,
எல்லாருக்கும் ஒரே வேகம்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

கேட் திறந்தது. என் பழைய ரூட் வண்டி வந்து நின்றது.
'ஏறிப் பாக்குறீங்களா?'
நிலோபரின் மரப்படி ஆறு அங்குலம்.
பஸ் படி என் முழங்காலில் இருந்தது.
இத்தனை வருஷம் ஏறி இறங்கியும்
அதன் உயரம் எனக்குத் தெரியாது.
நல்ல காலைத் தூக்கினேன்.
விளிம்பில் கட்டைவிரல் மட்டும் பட்டது.
உள்ளேயிருந்து ஒரு பையன்: 'ஏறு பெருசு, இல்ல விடு.'
இரண்டு விசில்.

கோபம் வரும் என்று பார்த்தேன்.
வந்தது ஆலங்குடி நிறுத்தம்.
ஒரு வியாழக்கிழமை.
பையைப் படியில் வைத்துவிட்டு
தன் காலைத் தானே இரு கையாலும்
தூக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
நான் பையைக் கீழே தள்ளி ஊதினேன்.
ஏழு நிமிஷம் லேட், அவ்வளவுதான் காரணம்.
தார் ரோட்டில் கொண்டைக்கடலை உருண்டது.
முகம் ஞாபகமில்லை. அந்தக் கை ஞாபகமிருக்கிறது.

வெண்ணாற்றுப் பாலம் வரை புகை தெரிந்தது.
நிலோபர் அந்தக் கட்டத்தை எதுவும் எழுதாமல் விட்டாள்.

சாயங்காலம் குடோன் மூலையில்
மில் காலத்துப் பலகைகள் கிடந்தன.
முதல் படியின் மேல் அடிக்கச் சொன்னேன்.
ஒன்று போதாது, முழங்கால் வரை வர வேண்டும்.
'எலும்பு டாக்டர் என்னைத்தான் திட்டுவார்' என்றாள்,
சொல்லிவிட்டு ஆணி தேடப் போனாள்.
ஞானப்பிரகாசம் வராத கையில் சுத்தியலை வாங்கி
கனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.