வெற்று வட்டம்

யாருமாலுக்கு மேலே
பேருந்து நிற்காத வளைவில் கெஞ்சி இறங்கினேன்.
தோளில் ஐஸ் பெட்டி, பையில் ஊசிகள்,
கக்கத்தில் சுருட்டிய வரைபடம்.
ஆண்டிஸின் மூடுபனிக்குள்ளிருந்து
ஒரு நாய்
ரத்தம் எடுக்கவா என்று குரைத்தது.

வரைபடத்தில் ஏழு தலைமுறை.
ஆண் சதுரம், பெண் வட்டம்.
மறதி கண்டவர்களைக் கறுப்பாக்க வேண்டும்,
போய்ச் சேர்ந்தவர்கள்மீது ஒரு சாய்கோடு.
பதினான்காம் குரோமோசோமில்
எவனோ ஒரு பாட்டனுக்குப் பிசகிய ஓர் எழுத்து
கிளை கிளையாகக் கறுத்து இறங்கியிருக்கிறது.
எங்கள் ஊரில் அதற்கு அசடு என்று பேர்.
ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்று
மரத்தின்மேல் பழி போட்ட காலமும் உண்டு.
நான் இப்போது ஓர் எழுத்தின்மேல் போடுகிறேன்.

ஹில்தார்தோவுக்கு நாற்பத்து நான்கு.
பால் லாரி ஓட்டியவன்.
முதலில் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை பால் ஊற்றினான்.
பிறகு,
வீடே இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தி
வெகுநேரம் ஹாரன் அடித்தான்.
இன்று சமையலறை நாற்காலியில் இருந்தபடி
வலக்கையால் கியர் மாற்றுகிறான்.
பொழுது சாய்ந்தால் இறக்கம் தொடங்கிவிடும்.
அருகில் இன்னொரு நாற்காலி.
அது நூபியாவுக்கு.

மூத்தவள் மர்லேனி மருந்துச் சோதனையில் இருக்கிறாள்.
மாதம் ஓர் ஊசி.
உள்ளே மருந்தா உப்புத் தண்ணீரா என்று
போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவளுக்கும்.
அவளுக்குள் அந்த எழுத்து இருக்கிறதா
என்பதையும் அவள் கேட்கவில்லை.
சுண்டிய காசு எப்போதோ விழுந்துவிட்டது,
மூடிய உள்ளங்கையை
யாரும் திறக்கச் சொல்லவில்லை,
அவ்வளவுதான்.

இந்த முறை மெதயீனிலிருந்து
புதிதாக ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள்.
இருபத்திரண்டு கேள்விகள்.
நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூக்கம்?
'இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்தார்,
அப்புறம் நாலு மணிக்கு...'
அவர் இல்லை, நீங்கள்.
'நானா?'
சோள அடையைத் திருப்பிப் போட்டவள்
அடுப்பை அணைத்தாள்.
பத்து வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறேன்,
அந்தக் கேள்வியை என் வாயும் கேட்டதில்லை.

ஒன்பதாவது:
அவர்மீது கோபம் வருமா?
எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லை.
அவள் அவனைப் பார்த்தாள்.
'நேற்று என்று போடு.'
அப்படி ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

பதினொன்று:
ஒரு மணி நேரம் அவரை விட்டுச் செல்ல
வேறு யாராவது உண்டா?
சிரித்தாள். அதற்கும் கட்டம் இல்லை.

'இந்தப் படத்தில் நான் எங்கே?'
மேசையில் விரித்தேன்.
முனைகள் சுருளாதிருக்க
உப்பு ஜாடியை ஒரு பக்கம் வைத்தாள்,
அவனுடைய மாத்திரை டப்பாவை மறுபக்கம்.
கறுத்த ஒரு சதுரத்தின் அருகே
குறுக்குக் கோட்டில் தொங்கும்
வெற்று வட்டம்.
எண் இல்லை.
கட்டிக்கொண்டு வந்தவர்களின் ரத்தம்
எங்களுக்குத் தேவைப்படுவதில்லை.
விரல் நுனியால் அதைச் சுற்றிவந்தாள்,
மாவு ஒட்டியது.
'சுத்தமாகத்தான் இருக்கிறேன்' என்றாள்.

போய்ப் படுங்கள், ஒரு மணி நேரம் நான் இருக்கிறேன்.
படிவம் சொல்லாததைச் சொன்னேன்.
கடைசிப் பேருந்து அதற்குள் போய்விடும்,
போகட்டும்.
ரத்தக் குழாய்கள் ஐஸில் கிடந்தன.
அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்,
இன்னும் சூடாக இருந்தது.

ஹில்தார்தோ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டாவது கியர்.
பிறகு மூன்று. வேகம் கூடுவது
அவன் தாடையில் தெரிந்தது.
மெதுவாக என்றேன், கேட்கவில்லை.
எனக்கு இந்த மலையின் வளைவுகள் தெரியாது.
முகம் வெளுத்து
கால் தரையை அழுத்த ஆரம்பித்தது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து
தூக்கம் கலையாத குரல்:
'பாலம் வருது. இடப்பக்கம் ஒடி, ராசா.'

ஒடித்தான்.