வெற்று மாதிரி

இந்தக் கோடையில் என்ன அறிய விரும்புகிறீர்கள்,
இருநூறு சொற்களுக்குள் என்று
விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்.
உப்பனாற்றுக்கு மேற்கே நிலத்தடி நீர்
எதுவரை கரிக்கிறது என்று எழுதி
நூற்றுத் தொண்ணூற்றெட்டில் முடித்தேன்.
இரண்டு சொல் வீண்.

கத்திரி பிறந்த மூன்றாம் நாள்
முதுநகரில் ரயிலை விட்டு இறங்கினேன்.
எட்டு வாரத்துக்கு என் பெயரில் தந்தவை
ஒரு கடத்துதிறன் மீட்டர், முப்பத்தாறு பாட்டில்,
துறைமுகத்து மீன் வாடை போகாத ஐஸ் பெட்டி,
உதவித்தொகை வரும் என்ற மின்னஞ்சல்.

"பேர்லயே உப்பு இருக்குது,
இதுக்கு மிசின் வேறயா?"
என்றார் ஆட்டோ ஓட்டிய தேசிங்கு.
கருதுகோள் என்ற தலைப்பின் கீழ்
அதை எழுதிக்கொண்டேன்.

நீர் எடுக்கப் போகும்போது
எதையும் எடுக்காத ஒரு பாட்டிலும் கூடவே வரும்.
உள்ளே காய்ச்சி வடித்த நீர்.
ஒவ்வொரு பம்படியிலும் அதன் மூடியைத் திறந்து
மற்ற பாட்டில்கள் காற்றுவாங்கும் நேரம்வரை
காற்றுவாங்கவிட்டு மூட வேண்டும்.
வெற்று மாதிரி என்று அதற்குப் பெயர்.
கிணற்றை அல்ல,
என்னைச் சோதிக்க வந்தது.

பதினேழாம் எண், அஞ்சலாட்சி வீட்டு அடிபம்பு.
ஐம்பது முறை அடித்துக் கொட்டிய பிறகே பிடிக்கணும்
என்று சொன்னதற்கு
"கொட்டுறதுக்கா அடிக்கிறே?" என்று
அடியில் ஒரு குடத்தை வைத்தாள்.
குடிக்க முடியாதாம், பாத்திரத்துக்கு ஆகுமாம்.
"இந்தத் தண்ணியில தொவரம்பருப்பு
முன்ன மூணு விசிலு.
இப்ப ஏழு."
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ஏழு விசில்.

ஆய்வகத்தில்
வெற்று மாதிரியில் சோடியம் எழும்பி நின்றது,
குளோரைடும்.
வான்மதி மேடம் வரைபடத்தைப் பார்த்தார்,
பிறகு என் மணிக்கட்டை.
"வேர்வை. கையுறையைக் கழற்றினாயா?"
கழற்றினேன். மூடி வழுக்கியது.
"அன்றைக்கு எடுத்த பன்னிரண்டையும் கொட்டிவிடு."

கொட்டினேன்.
சிங்க்குக்கு எந்தக் கிணறு எது என்று தெரியாது.

பதினோரு வீட்டில் மறுபடி கொடுத்தார்கள்,
ஒரு வீட்டில் மோரும்.
பதினேழில் அடிபம்பைக் காணோம்.
நகைக்கடன் வாங்கி
இருநூற்று நாற்பது அடிக்கு
போர் இறக்கியிருந்தார்கள் போன வாரம்.
பழைய குழாயை இழுத்துப்போட்ட இடத்தில்
ஈரச் சிமெண்டில் ஒரு கோழிக்கால் தடம்.
"இது நல்ல தண்ணி, பிடிச்சிக்கோ" என்றாள்.
எனக்கு வேண்டிய தண்ணீர்
அந்தச் சிமெண்டுக்குக் கீழே
யாரும் தொட முடியாத ஆழத்தில்கூட இல்லை,
முப்பதடியில்தான் இருந்தது.

கடைசி நாள், பத்து நிமிடம், பதினான்கு ஸ்லைடு.
வரைபடத்தில் பதினேழாம் புள்ளி இல்லை.
மென்பொருளுக்கு ஓட்டை பிடிக்காது;
பக்கத்துக் கிணறுகளைக் கூட்டி வகுத்து
அந்த இடத்துக்கு ஒரு மஞ்சள் பூசியிருந்தது.
அழகான மஞ்சள்.
"அங்கே ஏன் அளவு இல்லை?"
பின்வரிசையிலிருந்து கேட்டார் ஒருவர்.
"என் கை உப்பு, சார்."
சிரித்தார்கள். நானும்தான்.
விசிலைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன்,
ஜெரால்டு மணியடித்துவிட்டான், நேரம் ஆனதென்று.

உதவித்தொகை செப்டம்பரில் வந்தது.
அதில் பாதி விடுதி பாக்கிக்குப் போனது.

ஐப்பசி மழையில், பாறையியல் வகுப்பு நடுவில்,
தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.
பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.
பெயர் சொல்லவில்லை,
நலம் கேட்கவில்லை.
"பாப்பா, புது போருல மூணுன்னு சொன்னேன்ல.
எழுதிக்கோ.
இன்னிக்கி நாலு."