தைக்கு நூல்

விடுமுறைப் பட்டியல் வந்துவிட்டது.
ஐப்பசி மழையில் ஓரம் நனைந்த தாள்.
வார்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுமுன்பே
எட்டிப் பார்த்த தலைகள் ஆறு.
எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று என்று
அதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.
நமக்கு ஞாயிறே கிடையாது என்பது
அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

பென்சில்தான் எடுப்பேன்.
பேனாவில் போட்ட டூட்டி
இந்தக் காரைக்குடி ஆஸ்பத்திரியில்
இதுவரை நின்றதில்லை.

கிறிஸ்துமஸுக்கு ரோசலின்.
தேவகோட்டையில் குடில் கட்ட
வைக்கோல்கூடச் சொல்லிவைத்துவிட்டாளாம்.
"அன்னைக்கு நான் நிக்கிறேன்" என்றாள் மெகராஜ்,
"என் பெருநாளுக்கு அவ நிக்கட்டும்."
பிறை தெரிய இன்னும் எத்தனையோ மாதம்.
அதற்குள் ஒரு நாளைக் கடன் கொடுத்தாயிற்று.
இந்தப் பெயரிலிருந்து அந்தப் பெயருக்கு
ஒரு பென்சில் கோடு.

மருந்துக் கிடங்கு மெய்யம்மை கேட்டது
பட்டியலிலேயே இல்லாத நாள்.
கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொன்று எண்ணி
சஷ்டியும் சதயமும் சேர்கிற சாயங்காலம்.
"அரை நாள் போதும்.
இழை எடுத்துக்கிட்டு ஏழரைக்கு வந்துருவேன்."
கோடி வேட்டியில் நாளுக்கு ஒரு நூல் உருவி
இருபத்தொன்றையும் திரியாக்கி
மாவில் வைத்து, எரிய எரிய
வாயில் போட்டுக்கொள்கிற வீட்டுக்காரி.
சொன்ன கையோடு இண்டென்ட் புத்தகத்தை விரித்தாள்:
"தைக்கு எவ்வளவு நூல்?"

அவள் மாதத்தைச் சொன்னாள்.
நான் ஊசியைக் கேட்டேன்.
மஞ்சுவிரட்டு ஊரில்
இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

பட்டு நூல் மூன்று பெட்டி.
போன வருஷம் இருட்டுமுன்பே தீர்ந்துபோய்
மதுரைக்கு ஆள் ஓட்டினோம்.
டெட்டனஸ் எண்பது.
ஓ நெகட்டிவ், அது மார்கழியிலேயே பேசவேண்டிய காரியம்;
கல்லூரி பூட்டியபின்
யார் இருக்கிறார்கள் கை நீட்ட?

பிரசவ வார்டு எந்தப் பட்டியலையும் படிப்பதில்லை.
ஜனவரி ஒன்று, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள்
பேரன் வேண்டும் என்று வந்தாள் ஒரு மாமியார்.
"ஆர்டர் எடுக்க இது இனிப்புக் கடையா?"
டாக்டர் கேட்டதற்குக் கோபிக்கவில்லை.
சீப்புச் சீடைப் பொட்டலத்தை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பல்லவனில் முன்பதிவு திறந்த மூன்றாம் நிமிஷம்
என் பையனுக்குக் காத்திருப்பு நூற்றுப்பதினான்கு.
"ஒனக்கு எந்த நாள்ம்மா லீவு?"
நீ வந்து சேரு முதல்ல, என்றேன்.
கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டு
நேரே இங்கே வா.
பின்வாசல் வாட்ச்மேனிடம் சொல்லிவைக்கிறேன்.

பூமயில் கேட்டது தை மூன்று.
சிராவயல் பக்கம் ஊர்.
தம்பி மாடு பிடிக்கிறவன்.
"நீ அங்கே நின்று என்ன செய்யப் போகிறாய்?"
"பார்த்துக்கிட்டு நிப்பேன்."
கொடுத்தேன். அழித்தேன். மறுபடியும் கொடுத்தேன்.
தாளில் அந்த இடம் மட்டும்
வெங்காயத் தோலாய் மெலிந்துவிட்டது.

அதே நாள் பிற்பகலுக்கு
எமர்ஜென்சியில் ஆறாவது படுக்கையைக்
காலியாக விட்டிருக்கிறேன்.
அதற்குரியவன் இந்த நிமிஷம் எங்கோ
நன்றாக இருக்கிறான்.
டீக்கடையில் பாக்கி சொல்கிறான்.
பொங்கலுக்கு பனியன் அளவு பார்க்கிறான்.
இடுப்பில் ஒரு கீறல்கூட இல்லை.
பெயர் தெரிந்தால் போன் போட்டே சொல்லிவிடுவேன்,
போகாதேப்பா என்று.
கேட்கவா போகிறான்.

மெய்யம்மை புத்தகத்தோடு நின்றுகொண்டே இருக்கிறாள்.
மூன்று பெட்டியை
நான்காகத் திருத்தினேன்.
அதை மட்டும்
பேனாவில்.