பிளானஸ், ஜனவரி

மூன்று இரவு ஷிஃப்டுகளை மாற்றிக் கொடுத்து
வாங்கிய இரண்டு நாள்.
ஜிரோனாவில் ரயிலேறிய பிறகும் நார்சிஸ்
பையைத் திறந்து திறந்து பார்க்கிறான்:
ரொட்டி, கத்தரிக்கோல், எலுமிச்சை,
கம்பளிக் காலுறை நாலு ஜோடி.
நீச்சலுடை இல்லை.
இத்தனை ஆசையாய் வரும் கடலில்
ஒருமுறைகூட நாங்கள் குளித்ததில்லை.

ஆகஸ்டில் அது மற்றவர்களுடையது.
துண்டோடு துண்டு இடித்துக் கிடக்கும்,
பொரித்த கணவாயும் வெயிலெண்ணெயும் நாறும்.
ஜனவரியில்தான் மணல் தெரிகிறது,
உடைத்த கடலைபோல் கரகரப்பாக.
நடந்தால் நம் பேச்சு நமக்கே கேட்காது.
கவிழ்த்துப்போட்ட இரண்டு படகுகள்.
ஒரு நாய்,
அது இழுத்துப்போகும் ஒரு மனிதர்.
மூன்று நாள் அடித்த வாடை ஓய்ந்து
வானத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

கடல் முள்ளெலிக்கு இதுதான் பருவம்.
ஏலக்கூடத்துக்குப் பின்னால் தோல்சா
ஒரு டஜனை எண்ணி, பதிமூன்றாகப் போடுகிறாள்.
கத்தரிக்கோலால் வாயைச் சுற்றி வெட்டினால்
உள்ளே ஐந்து ஆரஞ்சு நாக்குகள்.
அவனுக்கு மூன்று, எனக்கு இரண்டு.
சண்டை போட்ட வருடங்களில் மட்டும்
எனக்கு மூன்று.

பாறைமேல் தோட்டம்.
சோற்றுக் கற்றாழையின் தூரத்து உறவுகள்
தீப்பந்தம் பிடித்து நிற்கின்றன,
குளிர்காலம் என்று யாரும் சொல்லவில்லைபோல.
நாங்கள் அவற்றைப் பார்க்க வரவில்லை.
மூன்றாம் திருப்பத்தில் ஒரு யானைக்கற்றாழை.
பதினோரு வருடம் முன்பு, கல்யாணத்துக்கு முந்தைய மாதம்,
வீட்டுச் சாவியால் அதன் மடலில்
ஒரு ‘ர’, ஒரு ‘ந’.
வருடாவருடம் அது ஆறியிருக்கிறதா என்று பார்ப்பேன்.
தழும்பு பார்ப்பது என் வேலை.
மடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குத் தாழ்ந்தது.
எழுத்துகள் மட்டும் தடித்துக்கொண்டே போயின.

இந்த முறை ரம்பச் சத்தம்.
கோடையில் எங்களுக்குத் தெரியாமல்
ஒரே ஒரு தரம் பூத்துவிட்டு
அது செத்துப்போயிருந்தது.
தள்ளுவண்டியில் மேலாக எங்கள் மடல்.
தோட்டக்காரரின் சட்டையில் எவ்தால்த் என்று தைத்திருந்தது.
“பதினோரு வருஷமாக
இந்த ரண்ணாவையும் நன்னாவையும் திட்டுகிறேன்.
கையில் மட்டும் கிடைக்கட்டும்.”
நிமிர்ந்து, “உங்கள் பெயர்?” என்றார்.

பேருந்து ஓட்டுகிறவனுக்குப் பொய் வராது.
“நார்சிஸ்.”
எனக்கு வந்தது.
“தோல்சா.”

ரம்பத்தைக் கீழே வைத்தார்.
என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்,
மெல்ல, ஒரு பாதிரியார் மாதிரி:
“அப்படியென்றால் அந்த ‘ர’ யார்?”

கீழே அலை ஒன்று பாறையில் மோதித் திரும்பியது.
நார்சிஸின் காது சிவந்தது.
என் கணவனுக்கு இன்னொருத்தி இருந்தாள் என்பதா,
நான் குற்றவாளி என்பதா?
இரண்டாவது அலைக்குள் முடிவெடுத்தேன்.
“ரெமெய். நான்தான்.”

இரண்டு ஜோடி கையுறைகளை எறிந்தார்.
ஒன்றில் கட்டைவிரல் இல்லை.
மாலைவரை வேரடிக் கன்றுகளைப் பிடுங்கினோம்,
தாயின் காலடியில் நாற்பத்தாறு.
நார்சிஸ் ஒன்று கேட்டான்.
“கூடாது” என்றார்,
“சாவியும் கொண்டுவரக் கூடாது.”

கற்றாழைச் சாறு அரிக்கும் என்று எனக்குத் தெரியும்.
களிம்பு வீட்டில், அலமாரியின் இரண்டாம் தட்டில்.
படியிறங்கி ஓடி, குளிரக் குளிர,
கைகளைக் கடலில் விட்டோம்.
மணிக்கட்டுவரை,
முதல்முறையாக.

விரல் விறைத்தபின் அவன் கேட்டான்:
“யோசிக்காமலே எப்படி
இன்னொரு பெயர் வந்தது உனக்கு?”

பையில் ஒரு முள்ளெலி மிச்சம் இருந்தது.
வெட்டி, மூன்றை அவனிடம் நீட்டினேன்.