தலை நேராக இல்லை

திரையில் சிவப்பெழுத்து விழுகிறது:
தலை நேராக இல்லை.

காலையிலிருந்து இது பதினேழாவது தலை.
அம்மாபேட்டை ஆதார் மையம்,
மின்விசிறி நின்று அரைமணி நேரம் ஆகிறது.

நேரா பாருங்க என்றால்
நேராகத்தான் பார்க்கிறார்கள்.
பேர் சரிதானுங்களா என்று கேட்டதும்
கழுத்தில் ஏதோ ஓர் ஆணி கழன்று
தலை மெல்ல ஒரு பக்கம் போய்விடுகிறது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை மாரப்பன்
இடப்பக்கம் சாய்ந்தார்.
பிறந்த தேதி கேட்டேன்,
இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்,
தேதி அந்தப் பக்கம்தான் உருண்டு கிடப்பதுபோல.

மஞ்சக்குட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த சடையாண்டி
இருபது கொண்டை ஊசி வளைவையும்
உடம்பிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
போன் நம்பர் சொல்லுங்க என்றேன்.
இருபத்தோராவது வளைவு.

ஒரே ஒருத்தர்
முதல் தடவையிலேயே தேறினார்.
எதைக் கேட்டாலும் அசையாத தலை.
சந்தேகப்பட்டு வாடகை ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்தேன்:
வீட்டுக்காரர் கையெழுத்தும் குடியிருப்பவர் கையெழுத்தும்
ஒரே கை.

அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை என்று
பேப்பரில் தினமும்தான் படிக்கிறோம்.
இத்தனை நாள் அது எனக்கு வெறும் சொல்.
செவி தனியாகச் சாயாது,
போகும்போது தலையையும்
கூட்டிக்கொண்டுதான் போகும்.

மதியத்துக்கு மேல் தர்ஷித் வந்தான். ஐந்து வயது.
நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார வைத்தேன்.
தலையை நேரா வை கண்ணு என்றேன்.
சாய்த்தான்.
அப்படி இல்லடா, இப்படி என்றேன்.
இன்னும் சாய்த்தான்.
"நீங்க வச்ச மாதிரிதானே வச்சிருக்கேன், அக்கா."

அணைந்து கிடந்த பக்கத்துக் கணினியில் பார்த்தேன்.
கறுப்புக் கண்ணாடிக்குள் என் தலை,
வலப்பக்கம், பத்துப் பன்னிரண்டு டிகிரி.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்
நாலு விசைத்தறி. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட்.
சோறு போட்டாச்சு என்பதையும்
அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குது என்பதையும்
அம்மா ஒரே கத்தலில்தான் சொல்வாள்.
எது எதுவென்று அறிய
காதைக் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டும்.
கரண்ட் போய்த் தறி நின்ற நாட்களிலும்
அப்படியேதான் பேசிக்கொண்டோம்.
சத்தம் நின்றதைக்
கழுத்துக்கு யாரும் சொல்லவில்லை.

அதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம்.
ஆனால் சடையாண்டி ஊரில் தறி ஏது?
காற்றும், மழைக்காலத்தில் தவளையும்.
அவர் எதைக் கேட்கச் சாய்ந்தார்?
இந்தக் குழந்தை என்னிடம் எதைக் கேட்டான்?
நான் சொன்னதையா, நான் இருந்த விதத்தையா?

சரி, வேலை நடக்க வேண்டும்.
முதலில் நான் நேரானேன்.
அவனும் நேரானான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
யாரோ இரண்டு பேர்
பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதுபோல.

பச்சை விழுந்தது.

என்னவோ கேட்டான், மிகச் சன்னமாக.
"என்ன கண்ணு?" என்றேன்.

கேமராவை இன்னும் அணைக்கவில்லை.
சட்டத்துக்குள்
ஒரு காது மட்டும் தெரிந்தது.